கண்ணாடியில பாத்த பைக்கு எங்க போச்சு

போன நவம்பர்ல சிங்கப்பூர்ல டிரைவிங் டெஸ்ட்ல ஃபெயில் ஆனேன். 41 வயசு, கிளாஸ் 3, அதாவது கார் லைசென்ஸ், முதல் அட்டெம்ப்ட். ஃபெயில் ஆனது கூட பரவால்ல, ஃபெயில் ஆன விதம் தான் என்னை இன்னும் விடல, அதனால தான் உக்காந்து எழுதுறேன்.

சர்க்யூட்டை முடிச்சிட்டு ரோட்டுக்கு வந்தாச்சு, உள்ள பெருசா ஒரு தப்பும் பண்ணல, மனசுல ஒரு தைரியம் வந்திருந்துச்சு. வலது லேனுக்கு மாறணும். வலது கண்ணாடியைப் பாத்தேன், பின்னால ஒரு சாப்பாடு டெலிவரி பைக், பச்சை சட்டை, பின்னாடி பெரிய பெட்டி. சரி அந்தத் தம்பி போகட்டும்னு நினைச்சேன். அந்த நேரம் பாத்து இடது பக்கம் பஸ் ஸ்டாப்புல நின்ன டபுள் டெக்கர் சிக்னல் போட்டுக்கிட்டு வெளிய வந்துச்சு, கண்ணு அங்க போச்சு, பிரேக்கைத் தொட்டேன், பஸ்ஸுக்கு வழி விட்டேன், அது வரைக்கும் எல்லாம் சரியா தான் பண்ணேன், அப்புறம் திரும்ப வலது பக்கம் ஸ்டியரிங்கை வளைச்சேன், டெஸ்டர் அவர் பக்கத்து பிரேக்கை ஒரே மிதி. பச்சை சட்டை என் ஜன்னலை உரசுற மாதிரி தாண்டிப் போச்சு.

பைக்கைப் பாக்கலையான்னு டெஸ்டர் கேட்டார். பாத்தேன்னு சொன்னேன். அவர் நம்பல, நான் அவரா இருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனா சத்தியமா பாத்தேன். சட்டை கலரு வரைக்கும் இப்ப சொல்றேன் பாருங்க. பாத்துட்டு, ரெண்டு மூணு நொடில அது என் தலைக்குள்ள இருந்து எங்கயோ போயிடுச்சு, பிரேக் சத்தம் கேட்டதும் திரும்ப வந்துடுச்சு. நடுவுல அது எங்க இருந்துச்சு? அந்த ராத்திரி தூக்கம் வரல. ஒரு ஆளு உயிரு இல்லையா அது.

எங்க அப்பா 30 வருஷம் பஸ் ஓட்டினவர். இப்ப 72 வயசு, ஈசூன்ல எங்க கூட தான் இருக்கார். அவர் பஸ் ஓட்டின காலத்துல கண்டக்டர் கிடையாது, ஏறுற ஆளு காசு போடுறதைப் பாக்கணும், இந்த பஸ் தேக்கா போகுமான்னு ஒரு பாட்டி கேட்டா பதில் சொல்லணும், பின்னால ஸ்கூல் பிள்ளைங்க சத்தம், இதுக்கு நடுவுல வலது கண்ணாடியில ஒரு லோரியும் இடது கண்ணாடியில ஒரு சைக்கிளும் இருக்கிறதை மறக்கக் கூடாது. ஒரு ஆக்சிடென்ட் கிடையாது அவருக்கு. நான் ஃபெயில் ஆயிட்டு வந்து சொன்னதும் அப்பா திட்டல. "பாக்கிறது ஒண்ணும்மா, பாத்ததை வச்சுக்கிறது ஒண்ணு. உனக்கு முதல்து வருது, ரெண்டாவது வரல"ன்னார்.

அப்புறம் சாப்பாட்டு மேசையில ஒரு விளையாட்டு வச்சார். ஊறுகா பாட்டில், உப்பு ஜாடி, கோடாலித் தைலம், அவரோட மூக்குக்கண்ணாடிக் கூடு, நாலையும் மேசையில அங்கங்க வச்சிட்டு, பாத்துக்கோ, இப்ப கண்ணை மூடுன்னார். மூடினேன். "உங்க சித்தி வீட்டு புளோக் நம்பர் என்ன?"ன்னு சாதாரணமா கேட்டார், நான் யோசிச்சு சொன்னேன், கண்ணைத் திறந்தா ஒரு சாமான் இடம் மாறியிருக்கு, எதுன்னு சொல்லணும். நாலு வரைக்கும் தட்டுத் தடுமாறி சொல்லிட்டேன். ஆறு சாமான் வச்சதும் ஒண்ணுமே புரியல. அப்பா இதை யார்கிட்டயும் படிச்சுக்கல, பஸ் டிப்போவுல புதுசா வர்ற ஆளுங்களுக்கு இப்படித் தான் சொல்லிக் குடுப்பாராம்.

இந்த விளையாட்டை ஆராய்ச்சிக்காரங்க கிட்டத்தட்ட இதே மாதிரி பண்ணியிருக்காங்கன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல்னு ரெண்டு பேரு, 1997ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. திரையில கலர் கலரா சின்னச் சின்ன சதுரம், நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் காட்டுவாங்க, அப்புறம் ஒரு நொடிக்குக் கொஞ்சம் கம்மியா வெறும் திரை, அப்புறம் திரும்ப சதுரம், ஏதாவது மாறியிருக்கான்னு கேப்பாங்க. மூணு சதுரம் வரைக்கும் எல்லாரும் ஏறக்குறைய சரியா சொல்றாங்க, அதுக்கு மேல போகப் போகத் தப்பு ஏறிக்கிட்டே போகுது. கணக்குப் போட்டா ஒரு ஆளால கண்ணால பாத்து கையில வச்சுக்க முடியிறது மூணு நாலு சாமான் தான். அப்பாவோட ஊறுகா பாட்டில் கணக்கும் நாலு. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

இதுக்குப் பேரு விஷுவல் வொர்க்கிங் மெமரி. நம்ம சாதாரணமா நினைவுன்னு சொல்ற, சின்ன வயசுல ஸ்கூல் டீச்சர் முகம் எப்படி இருந்துச்சுங்கிற சங்கதி இல்ல இது. கண்ணு முன்னாடி இருந்தது மறைஞ்சு போன பிறகும் அடுத்த சில நொடிக்கு, இப்ப பண்ற வேலைக்காக, மனசு பிடிச்சு வச்சுக்கிறது. வேலை முடிஞ்சா விட்டுடும். கண்ணாடியில பாத்த பைக்கை லேன் மாறி முடிக்கிற வரைக்கும் வச்சுக்கணுமே, அது.

இங்க ஒண்ணைப் பிரிச்சு சொல்லிடணும். போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டுறவங்களுக்கு நடக்கிறது வேற. அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2003ல பாத்தது, சிமுலேட்டர்ல ஓட்ட வச்சு, போனைக் கையில பிடிக்காம பேச விட்டாலும், கண்ணு நேரா ஒரு விளம்பரப் பலகை மேல போய் நின்னாலும், அப்புறம் கேட்டா அதைப் பாத்த ஞாபகம் குறைவாத் தான் இருக்கு. அது பாத்தும் பதியாம போறது. என்னோடது பதிஞ்சிருந்தும் கை நழுவினது. ரெண்டுமே ஆபத்து தான், ஆனா நான் தேடினது ரெண்டாவதுக்குக் காரணம்.

யோசிச்சுப் பாத்தா நழுவுறது ஆச்சரியமே இல்ல, நழுவாம இருக்கிறது தான் ஆச்சரியம். நம்ம கண்ணு ஒரு நொடிக்கு சுமார் மூணு தடவை இடம் மாறுது. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு காட்சி மூளைக்குள்ள வந்து கொட்டுது. பாக்கிறதுக்குன்னு இருக்கிற இடம் தலைக்குப் பின்பக்கம், பிடரிக்கு மேல, அங்க தான் கோடு, கலரு, சாய்வு எல்லாம் முதல்ல பதியுது. பாத்ததை அங்கயே வச்சிருந்தா அடுத்து பாக்கிறது அது மேலயே வந்து விழுமே. ஒரே சிலேட்டுல முதல் கணக்கை அழிக்காம ரெண்டாவது கணக்கை எப்படிப் போடுறது? பஸ் ஸ்டாப்புல இருந்து வந்த அந்த டபுள் டெக்கர் என் சிலேட்டை அழிச்சிடுச்சு. அப்பாவோட சிலேட்டை 30 வருஷம் ஒருத்தரும் அழிக்கல. அது எப்படி?

முதல்ல வந்த பதில் எளிமையா இருந்துச்சு. 1971ல ஹோவாக்கின் ஃபஸ்டர், காரெட் அலெக்சாண்டர்னு ரெண்டு பேரு குரங்குகளை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ரெண்டு இடத்துல ஒண்ணுல தின்பண்டத்தை மறைச்சு வைக்கிறதைக் குரங்கு பாக்கும், அப்புறம் மறைப்பு இறங்கிடும், கொஞ்ச நேரம் காத்திருக்கணும், மறைப்பு ஏறினதும் சரியான இடத்தைக் கை காட்டணும். ஒண்ணும் தெரியாத அந்தக் காத்திருப்பு நேரத்துல நெத்திக்குப் பின்னால, மூளையோட முன்பக்கத்துல, சில செல்லு விடாம துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதே வருஷம் ஜப்பான்ல குபோட்டா, நிக்கின்னு ரெண்டு பேரும் இதே மாதிரி கண்டுபிடிச்சாங்க. அப்புறம் 1990கள்ல ஏர்ல் மில்லர், ராபர்ட் டெசிமோன் குழு நடுவுல தொந்தரவும் குடுத்துப் பாத்தாங்க, ஒரு படத்தை ஞாபகம் வச்சுக்கச் சொல்லிட்டு நடுவுல வேற வேற படமா காட்டினாங்க. பொருளை அடையாளம் பாக்கிற பகுதியில இருந்த நினைவு அடுத்த படம் வந்ததும் கலைஞ்சு போச்சு, முன்பக்கத்துல இருந்தது நின்னுச்சு. அப்ப கதை முடிஞ்சுது, பாக்கிறது பின்னால, பாதுகாக்கிறது முன்னால, வாசல்ல கூட்டம் இருந்தா உள் ரூம்புல பீரோவுல வச்சுப் பூட்டுற மாதிரி.

ரொம்ப நாள் இப்படித் தான் நம்பினாங்க. எனக்கும் இதைப் படிச்சப்ப திருப்தியா இருந்துச்சு, சரி நம்ம பீரோ பூட்டு சரியில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

2009ல தான் அது ஆட்டம் கண்டுச்சு. ஸ்டெஃபனி ஹாரிசன், ஃபிராங்க் டாங். ஆளுங்களை, மூளை வேலை செய்யிறதைப் படம் பிடிக்கிற எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனருக்குள்ள படுக்க வச்சு, சாய்வான கோடு போட்ட ரெண்டு வட்டத்தைக் காட்டி, ரெண்டுல ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கச் சொல்லிட்டு, பத்து நொடிக்கு மேல வெறும் திரையை விட்டுட்டாங்க. அந்த நேரத்துல பாக்கிற பகுதி, பிடரிக்கு மேல இருக்கே அது, சும்மா கிடக்குற மாதிரி தான் தெரிஞ்சுது, சில பேருக்கு மொத்தத் துடிப்பு பழைய மட்டத்துக்கே இறங்கிடுச்சு. ஆனா அந்தத் துடிப்போட கோலத்தை வச்சு கம்ப்யூட்டர் கணிச்சுப் பாத்தப்ப, எந்தச் சாய்வை மனசுல வச்சிருக்காங்கன்னு 80 சதவீதத்துக்கு மேல சரியா சொல்லிடுச்சு.

இது எப்படி முடியும்னு எனக்கு முதல்ல புரியல. ஒரு நாள் ராத்திரி துணி காயப் போடும்போது எதிர் புளோக்கைப் பாத்தேன், அப்ப தான் புரிஞ்சுது. எதிர் புளோக்ல எந்த நாளும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை ஜன்னல்ல தான் லைட் எரியும். எண்ணிக்கையை மட்டும் எழுதி வச்சா ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனா எந்தெந்த ஜன்னல்ல எரியுதுன்னு பாத்தா, தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஒரு கோலம், சீனப் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி வேற கோலம். நான் இங்க 12 வருஷமா இருக்கேன், தேதி தெரியாட்டியும் ஜன்னலைப் பாத்தே சொல்லிடுவேன். கம்ப்யூட்டரும் அதே தான் பண்ணுது, எவ்வளவு எரியுதுன்னு பாக்கல, எங்கெங்க எரியுதுன்னு பாக்குது.

ஆக பாக்கிற இடத்துலயே தான் நினைவும் உக்காந்திருக்கு. அப்ப பழைய கேள்வி திரும்ப வந்துடுச்சு, நடுவுல புதுசா ஒண்ணைப் பாத்தா? ஹாரிசன், டாங் காட்டினது வெறும் திரை. ரோடு வெறும் திரை கிடையாதே.

2016ல கேத்தரின் பெட்டென்கோர்ட், யாவோடா ஷு ரெண்டு பேரும் நடுவுல படங்களைக் காட்டிக் கலைச்சுப் பாத்தாங்க. தொந்தரவு வரப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா, பாக்கிற பகுதியில இருந்து நினைவைக் கணிக்க முடியல, ஆனா உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால இருக்கிற ஒரு மடிப்புல அது பத்திரமா இருந்துச்சு. ஆளுங்க பதில்லயும் குறை இல்ல. அதனால பாக்கிற பகுதி அவசியமே இல்லைன்னு ஒரு கட்சி கிளம்புச்சு. 2019ல ரோசான் ரேடமேக்கர், சைபட் சுன்ஹராஸ், ஜான் செரென்செஸ் அதே கேள்வியை இன்னொரு மாதிரி கேட்டாங்க, அவங்க கண்டது, கண்ணு முன்னாடி தொந்தரவு ஓடிக்கிட்டு இருக்கும்போதே பாக்கிற பகுதியில ரெண்டும் சேந்தே இருக்கு, இப்ப பாக்கிறதும் இருக்கு, முன்னாடி பாத்ததும் இருக்கு. ஒண்ணை ஒண்ணு அழிக்கல. இன்னமும் ரெண்டு கட்சியும் பேசிக்கிட்டு தான் இருக்காங்க. நான் ஆராய்ச்சிக்காரி இல்ல, கிளினிக்ல கவுன்டர்ல உக்காந்து பேரு பதியிற வேலை பாக்குறேன், ஆனா படிச்ச வரைக்கும் என் மனசுக்குப் படுறது, ஒரே ஒரு பீரோ இருக்கு, அது எங்க இருக்குன்னு கேக்குற கேள்வியே பொருந்தல. பல இடத்துல பிரதி இருக்கு, நிலைமைக்குத் தகுந்த மாதிரி எதை நம்புறதுன்னு மூளை முடிவு பண்ணுது.

இந்த நெனப்புக்கு எனக்கு வலு குடுத்த ஆராய்ச்சி எங்கயோ அமெரிக்காவுல நடக்கல, நம்ம ஊர்ல நடந்துச்சு. என்.யு.எஸ்ல, அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல, கமிலோ லிபெடின்ஸ்கி, ஷி-செங் யென் குழு. 2017ல நேச்சர் நியூரோசயின்ஸ் இதழ்ல வந்த அந்தக் கட்டுரையில முதல் பேரு ஐஸ்வர்யா பார்த்தசாரதி. அந்தப் பேரைத் திரையில பாத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, எதுக்குன்னு விளக்கத் தெரியல, நம்ம வீட்டுப் பிள்ளை மேடையேறின மாதிரி.

அவங்க பண்ணின சோதனையைப் படிச்சப்ப என் டெஸ்ட்டை யாரோ படம் பிடிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. குரங்கு திரையைப் பாத்துக்கிட்டு இருக்கும். ஒரு இடத்துல ஒரு சதுரம் மின்னி மறையும், அந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கணும். கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. அப்புறம் வேற இடத்துல வேற கலர்ல ஒரு சதுரம் மின்னும், அது சும்மா கலைக்கிறதுக்கு, கண்டுக்கக் கூடாது. திரும்பக் கொஞ்ச நேரம் காத்திருப்பு. அப்புறம் முதல்ல பாத்த இடத்தைக் கண்ணால காட்டணும். வலது கண்ணாடியில பைக்கு, நடுவுல இடது பக்கம் டபுள் டெக்கர், திரும்ப வலது பக்கம். அதே தான்.

மூளையோட முன்பக்கத்துல ரெண்டு பகுதியில செல்லுங்க துடிக்கிறதைப் பதிவு பண்ணாங்க. ஒண்ணு, கண்ணை எங்க திருப்பணும்னு பாத்துக்கிற பகுதி. இன்னொண்ணு அதுக்கு முன்னால, பக்கவாட்டுல இருக்கிற பகுதி. முதல் பகுதியில நினைவை எழுதி வச்சிருந்த முறை தொந்தரவுக்கு முன்னாடியும் பின்னாடியும் மாறவே இல்ல, அதே எழுத்து, அதே முறை, ஆனா தொந்தரவு வந்த பிறகு அது ஆட்டம் கண்டு சேதி நிறைய காணாம போயிருந்துச்சு. ரெண்டாவது பகுதியில தொந்தரவு வந்ததும் எழுதின முறையே மாறிடுச்சு. முதல் காத்திருப்புல கத்துக்கிட்ட கம்ப்யூட்டரைக் கொண்டு போய் ரெண்டாவது காத்திருப்புல படிக்கச் சொன்னா படிக்கத் தெரியல, ஆனா புதுசாக் கத்துக் குடுத்தா முழு சேதியும் இருக்கு, ஒண்ணும் தொலையல.

இதை நான் மூணு தடவை படிச்சேன். மாறாம பிடிச்சுக்கிட்டு இருந்தது தொலைச்சிடுச்சு. மாத்திப் பிடிச்சது காப்பாத்திடுச்சு.

தேக்கா மார்க்கெட்ல சாமான் வாங்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தவங்களுக்கு இது தெரியும். அரிசி, தேங்கா, மீனு எல்லாம் ஒரு பையில, சிராங்கூன் ரோட்டு ஐந்தடி வழியில ஞாயித்துக்கிழமைக் கூட்டம், யாராவது இடிச்சுக்கிட்டே தான் போவாங்க. விட மாட்டேன்னு ஒரே கையில இறுக்கிப் பிடிச்சா விரலு மரத்துப் போய் ஒரு இடியில பை கீழ. எங்க அம்மா எதிர்ல ஆளு வர்றதைப் பாத்த உடனே பையை அந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு மாத்திடுவாங்க. பை அதே பை, அரிசி அதே அரிசி, கை வேற.

ஏன் ஒரு பகுதியால மாத்த முடியுது, இன்னொண்ணால முடியல? அதுக்கும் பதில் வச்சிருக்காங்க. சில செல்லு ஒரே வேலை தான் பாக்கும், இந்த இடம்னா துடிக்கும், மத்ததுக்கு அசையாது. சில செல்லு கலவையா வேலை பாக்கும், எந்த இடம், இப்ப எந்தக் கட்டம், தொந்தரவு வந்துச்சா இல்லையா, இதெல்லாம் சேத்து வச்சு துடிக்கும். கோப்பிக் கடையில தே மட்டும் இழுக்கிற ஆளு ஒருத்தர், கல்லாவுலயும் நின்னு, தட்டும் எடுத்து, பரோட்டாவும் புரட்டுற ஆளு இன்னொருத்தர். திடீர்னு கூட்டம் வந்தா கடை நிக்கிறது ரெண்டாவது ஆளால தான். அந்த மாதிரி செல்லு இருந்தா தான் முறையை மாத்த முடியும், அதுங்க பக்கவாட்டுப் பகுதியில தான் நிறைய இருக்கு. அப்புறம் அதே குழு 2019ல இன்னொண்ணும் சொன்னாங்க, முறை மாறினாலும் அந்த மொத்தத் துடிப்பை ஒரு குறிப்பிட்ட கோணத்துல இருந்து பாத்தா, தொந்தரவுக்கு முன்னாடியும் பின்னாடியும் மாறாத ஒரு பங்கு இருக்கு, மூளையோட அடுத்த பகுதிங்க அந்தக் கோணத்துல படிச்சா குழப்பம் இல்லாம படிச்சுக்கலாம்.

கோணம்னதும் ஞாபகம் வருது, 2021ல அலெக்சாண்ட்ரா லிபி, டிமத்தி புஷ்மன் எலிகளை வச்சு சத்தத்துல பாத்தது. கண்ணு இல்ல, காது, ஆனா விஷயம் ஒண்ணு தான். கேட்ட சத்தத்தோட பதிவு கொஞ்ச நேரத்துல அப்படியே திரும்பி, புதுசா வர்ற சத்தத்துக்குக் குறுக்கு வாட்டத்துல போய் உக்காந்துக்குது. பாட்டி ஊர்ல இருந்து ஏரோகிராம் போடுவாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நீலத் தாள், எழுதி எழுதி இடம் முடிஞ்சதும் தாளைத் திருப்பி ஓரத்துல குறுக்க எழுதியிருப்பாங்க, அங்க தான் முக்கியமான சேதியே இருக்கும், யாருக்கு உடம்பு சரியில்ல, யாருக்கு வரன் வந்திருக்குன்னு. குறுக்க இருக்கிறதால நேர் எழுத்தோட கலக்காது. தாள் ஒண்ணு தான், திருப்பிப் பிடிச்சுப் படிக்கணும். எலி மூளையும் எங்க பாட்டி செஞ்சதைத் தான் செய்யுது.

இதெல்லாம் இருந்தும் நினைவு முழுசா தப்பிச்சுடாது, அதையும் சொல்லிடுறேன். தொந்தரவு நம்ம வச்சிருக்கிறதைப் போலவே இருந்தா நினைவு லேசா அது பக்கம் சாயும். இந்தச் சாய்வைப் பாத்தேன்னு சொல்றப்ப நடுவுல பாத்த சாய்வோட சாயல் கொஞ்சம் ஒட்டிக்கும். அப்புறம் வடிகட்டுற சங்கதி வேற. அதே வோகல் 2005ல தன் குழுவோட காட்டினது, கம்மியா ஞாபகம் வச்சுக்கிறவங்களுக்குப் பாத்திரம் சின்னதுன்னு சொல்லிட முடியாது, வேண்டாத சாமானையும் உள்ள விட்டுடுறாங்க. சிவப்பை மட்டும் பாருன்னா நீலமும் உள்ள வந்து உக்காந்துக்குது. மூணு நாலு இடம் தான் இருக்கு, அதுல வேண்டாதவன் ஒருத்தன் உக்காந்தா வேண்டியவனுக்கு எங்க இடம். அன்னிக்கு என் கதையும் அப்படித் தான் இருந்திருக்கும்னு தோணுது, பஸ்ஸு வேணும், பைக்கு வேணும், ஆனா டெஸ்டர் மடியில இருந்த பேப்பரு, அவர் பேனாவை எடுத்தது, அதெல்லாம் எதுக்கு எனக்கு ஞாபகம் இருக்கு?

இனி சொல்றது எனக்குக் கஷ்டமான விஷயம்.

இதெல்லாம் படிச்சிட்டு அப்பாவை மேசையில உக்கார வச்சு அதே விளையாட்டை நான் அவருக்கு வச்சேன். அவர் தானே குரு, ஆறு வச்சாலும் சொல்லிடுவார்னு நினைச்சேன். டிவியில நியூஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாலு வச்சேன், எது இடம் மாறுச்சுன்னு தப்பா சொன்னார். திரும்ப வச்சேன், திரும்பவும் தப்பு. அப்பா ஒண்ணும் சொல்லல, மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அவர் கொஞ்ச நாளா கண்ணாடிக் கூட்டை எங்க வச்சேன்னு தேடுறார், சாப்பிடும்போது யாராவது பேசினா உப்பு போட்டுக்கிட்டமா இல்லையான்னு கேக்குறார், நாங்க வயசு ஆச்சு, மறதின்னு விட்டுட்டோம். வண்டி சாவியைக் கையில எடுக்கிறதை அவரா தான் நிறுத்தினார், ஏன்னு நாங்க கேக்கல, அவரும் சொல்லல. இப்ப நினைச்சா அவருக்கு எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

ஆடம் கசாலேங்கிறவரோட குழு 2005ல ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இள வயசு ஆளுங்க ஒரு பக்கம், 60 வயசுக்கு மேல உள்ளவங்க ஒரு பக்கம். முகமும் காட்சியும் மாத்தி மாத்திக் காட்டி, முகத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, காட்சியைக் கண்டுக்காதீங்கன்னு சொன்னாங்க, அப்புறம் அதையே திருப்பியும் சொன்னாங்க. வேண்டியதை மூளை தூக்கிப் பிடிக்கிறதுல வயசானவங்களுக்கு ஒரு குறையும் இல்ல, இள வயசுக்காரங்க மாதிரியே தான். வேண்டாததை அமுக்கி வைக்கிறதுல தான் குறை. அதைச் சரியா அமுக்க முடியாதவங்களுக்குத் தான் ஞாபகமும் தடுமாறுச்சு.

இதைப் படிச்சதும் நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அப்பாவோட கை பலம் போகல. இடிக்கிறவங்களைத் தள்ளி நிறுத்துற தெம்பு தான் குறைஞ்சிருக்கு. ரெண்டும் வேற வேற. நாங்க அவர் கிட்ட மெதுவா பேசினோம், ரெண்டு தடவை சொன்னோம், எழுதி ஒட்டினோம், ஆனா ஒருத்தருக்கும் டிவியை நிறுத்தணும்னு தோணல. ஒரு வீட்டுல டிவி, என் மகன் போன்ல கேம், சமையலறையில நான் குக்கர், அதுக்கு நடுவுல அவரைப் பாத்து ஏன்ப்பா மறந்தீங்கன்னு கேட்டிருக்கோம். எவ்வளவு தப்பு. அவர் பஸ்ல பாட்டிக்கு வழி சொல்லிக்கிட்டே கண்ணாடியை விடாம இருந்தவர்.

அப்பா கிட்ட அப்ப நீங்க எப்படிப்பா பஸ்ல சமாளிச்சீங்கன்னு கேட்டேன். அவர் சொன்ன பதில் நான் படிச்ச எதுலயும் முதல் பக்கத்துல இல்ல. "எங்க ஞாபகம் வச்சேன், திரும்பத் திரும்பப் பாத்தேன். ஒரு தடவை பாத்ததை நம்பி ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டேன்ம்மா." தேடிப் பாத்தா இதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. டேனா பாலார்ட், மேரி ஹேஹோ குழு 1995ல ஆளுங்களுக்கு ஒரு மாதிரி அடுக்கைக் காட்டி, அதைப் பாத்துக் கலர் கட்டைகளை அதே போல அடுக்கச் சொன்னாங்க. நாலு கட்டையை ஞாபகம் வச்சுக்கிட்டு ஒரே மூச்சா அடுக்கலாம், திறமை இருக்கு, ஆனா ஒருத்தரும் அப்படிப் பண்ணல. ஒவ்வொரு கட்டைக்கும் பல நேரம் ரெண்டு தடவை மாதிரியைப் பாத்தாங்க, கலருக்கு ஒரு தடவை, இடத்துக்கு ஒரு தடவை. கண்ணைத் திருப்புறது சுலபம், மனசுல சுமக்கிறது கஷ்டம்னு உடம்புக்கே தெரிஞ்சிருக்கு.

என் இன்ஸ்ட்ரக்டர் பிளைண்ட் ஸ்பாட், பிளைண்ட் ஸ்பாட்னு கத்தினப்ப எல்லாம் அது மார்க்குக்காகன்னு நினைச்சேன். கண்ணாடியில தெரியாத இடத்தைக் கழுத்தைத் திருப்பிப் பாக்கிறதுக்குன்னு மட்டும் நினைச்சேன். ஆனா முன்னாடி பாத்தது கை நழுவியிருந்தாலும் அந்தக் கழுத்துத் திருப்பல்ல திரும்பக் கையில வந்துடும். நான் அன்னிக்கு அதைத் திருப்பியிருந்தா பச்சை சட்டை அங்க தான் இருந்துச்சு. முதல்ல கண்ணாடி, அப்புறம் தோளுக்கு மேல, நடுவுல எது வந்து கலைச்சாலும் சரி, முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும். இப்ப கிளாஸ்ல அப்படித் தான் பண்றேன். பின்னால வர்றவங்க ஹார்ன் அடிக்கிறாங்க, அடிக்கட்டும்.

அடுத்த டெஸ்ட்டுக்குத் தேதி எடுத்தாச்சு.

போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சதும் டிவியை அமத்தினேன், மகனைப் போனோட ரூம்புக்குள்ள போகச் சொன்னேன், ஃபேன் சத்தம் மட்டும் தான். ஊறுகா பாட்டில், உப்பு ஜாடி, தைலம், கூடு. அப்பா மேசையை நல்லா பாத்துட்டுக் கண்ணை மூடினார். சித்தி வீட்டு புளோக் நம்பரைக் கேட்டேன், சொன்னார், சொல்லிட்டு சித்தி முழங்கால் வலி இப்ப எப்படி இருக்குன்னும் கேட்டார். நான் தைலத்தைச் சத்தம் வராம எடுத்து ஜாடிக்குப் பின்னால வச்சேன். கண்ணைத் திறந்து ஒரு நிமிஷம் பாத்தார், கையை நீட்டித் தைலத்தை எடுத்தார், அது முன்னாடி இருந்த அதே இடத்துல, மேசை விரிப்புல இருக்கிற மஞ்சள் கறைக்குப் பக்கத்துல, சரியா வச்சார்.

"இன்னொரு தடவை வை, இந்தத் தடவை அஞ்சு"ன்னார்.